சிறிய குளியலறைக்குக் கடும் நிறம்: வன்னி வீடுகளுக்கான ஒரு வழிகாட்டி

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் வீடு கட்டுவோர் குளியலறைக்கு நிறம் பார்ப்பது பெரும்பாலும் எல்லா வேலையும் முடிந்த பிறகுதான். மண்டபத்துக்கும் முன்சுவருக்கும் வாங்கிய பெயின்றில் மிஞ்சியது எதுவோ அது குளியலறைக்குப் போகும். ஒன்றும் மிஞ்சாவிட்டால் வெள்ளையோ வெளிர்நீலமோ அடித்து வேலையை முடித்துவிடுவார்கள். போருக்குப் பிந்திய மீள்குடியேற்றத்துக்குப் பின்னர் இந்திய அரசின் உதவியோடு இந்திய வீட்டுத்திட்டத்தில் எழுந்த வீடுகள் சுமார் 550 சதுர அடி கொண்டவை. அத்தகைய வீடுகளோடு பிற்காலத்தில் சிறுகச் சிறுகச் சேமித்து ஒட்டிக் கட்டிய குளியலறைகள் 5 அடிக்கு 6 அடி, மிஞ்சினால் 5 அடிக்கு 7 அடி இருக்கும். இவ்வளவு சிறிய இடத்துக்குக் கடும் நிறம் அடித்தால் அறை இன்னும் ஒடுங்கித் தெரியும் என்று கடைக்காரரும் சொல்வார், மேசனும் சொல்வார், வீடு பார்க்க வரும் மாமியும் சொல்வார்.

வெள்ளையடித்தாலும் 5 அடி அறை 5 அடிதான். வெள்ளைச் சுவரில் கூடுதலாகத் தெரிவது இடமன்று. காலோடு வந்த செம்மண்ணும், வாளித் தண்ணீர் தெறித்த மஞ்சள் கறையுமே. எனவே கடும் நிறம் அடிக்கலாமா என்ற கேள்வியை இக்கட்டுரை எடுத்துக்கொள்ளவில்லை, தாராளமாக அடிக்கலாம். எந்தக் கடும் நிறம் என்பதை எப்படித் தீர்மானிப்பது என்பதே இங்கு விளக்கப்படுகிறது. அதைத் தீர்மானிக்கக் கடையிலுள்ள நிற அட்டை மட்டும் போதாது. உங்கள் கிணற்றுத் தண்ணீர், உங்கள் சுவர், உங்கள் வெளிச்சம் ஆகிய மூன்றையும் இதே வரிசையில் பார்த்து முடித்த பிறகே அட்டையை விரிக்க வேண்டும்.

முதலில் தண்ணீரைப் பாருங்கள்

நிறம் தெரிவு செய்வதற்குத் தண்ணீரைப் பார்ப்பதா என்று புதியவர்கள் வியப்பது இயல்பு. நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் குளியலறைக்குக் கருநீலம் அடிக்கப் போகிறேன் என்று சொன்னபோது, பூச்சு வேலை செய்துகொண்டிருந்த மேசன், "தம்பி, உங்கட தண்ணிக்கு உந்த நிறம் நிக்காது" என்றார். பெயின்றின் தரத்தைப் பற்றித்தான் சொல்கிறார் என்று எண்ணி, "நல்ல பெயின்ற்தான் அண்ணை வாங்கினனான்" என்று மறுமொழி சொல்லிவிட்டு அடித்தேன். முதல் இரண்டு வாரமும் அறை அழகாகத்தான் இருந்தது. மூன்றாவது வாரம், தண்ணீர் தெறித்துக் காய்ந்த ஒவ்வொரு துளியும் ஒரு வெள்ளை வளையமாகச் சுவரில் நின்றது. துணியால் துடைத்தால் வளையம் போய் வெண்படலம் வந்தது. அழுத்தித் தேய்த்தால் படலம் போய்ச் சுவர் அந்த இடத்தில் மட்டும் மினுங்கியது. இரண்டு மாதத்தில் தோளுயரம் வரை சுவர் முழுவதும் கோலமாவு தூவியது போலாகிவிட்டது.

கிணற்றிலும் குழாய்க்கிணற்றிலும் வரும் தண்ணீர் நம் பகுதியில் பல இடங்களில் வன்னீர். கல்சியம், மக்னீசியம் உப்புகள் அதில் கரைந்திருக்கும். தண்ணீர் ஆவியாகும்போது அவ்வுப்புகள் சுவரிலேயே தங்கிவிடுகின்றன. கேத்தலின் அடியில் வெள்ளைப் படை கட்டுகிறதா, சவர்க்காரம் நுரைக்கச் சுணங்குகிறதா என்று பாருங்கள். இரண்டும் உண்டெனில் உங்கள் சுவரிலும் வெள்ளை வளையம் விழும். மற்றொரு வகை இரும்புத் தண்ணீர். இறைத்தவுடன் தெளிவாகத் தெரிந்தாலும், வாளியில் ஓர் இரவு வைத்தால் மஞ்சளித்து அடியில் துருநிற மண்டி படியும். தண்ணீரில் கரைந்திருந்த இரும்பு காற்றுப் பட்டுத் துருவாக மாறுவதே காரணம். சில வீடுகளில் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

வெள்ளைப் படை வைக்கும் தண்ணீருக்குக் கருநீலம், கரும்பச்சை, கரிநிறம், நாவற்பழ நிறம் ஆகியவை தெறிப்புப் படும் உயரத்தில் வேண்டாம். இரும்புத் தண்ணீருக்கு வெள்ளை, வெளிர்நீலம், இளஞ்சிவப்பு ஆகியவை வேண்டாம். அத்தகைய தண்ணீருக்குக் காவி, செங்கல் நிறம், மஞ்சட்காவி போன்ற மண்சார்ந்த நிறங்களே உதவும், ஏனெனில் துருக்கறையும் அந்நிறங்களின் இனத்தையே சேர்ந்தது. இரண்டு குணமும் உள்ள தண்ணீருக்கும் சற்றுச் சாம்பல் கலந்த செங்கல் நிறமே என் தெரிவு. வெள்ளைத் துளி அதில் தெரியாமற் போகாது. ஆனால் கருநீலத்தில் போல எட்டி நின்று பார்ப்பவரையும் கூப்பிட்டுக் காட்டாது.

தெறிப்பின் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். வாளியில் அள்ளிக் குளிக்கும் வீட்டில் தெறிப்பு ஏறக்குறைய 4 அடியோடு நிற்கும். ஷவர் பூட்டினால் 6 அடி 7 அடி வரை ஏறும். அந்த உயரம் வரை ரைல்ஸ் பதித்திருந்தால், தண்ணீரைப் பற்றி மேலே சொன்ன கட்டுப்பாடுகளில் பாதி விலகிவிடும். ரைல்ஸுக்கு மேலே நீங்கள் கருநீலமே அடிக்கலாம். ரைல்ஸுக்கு இப்போது காசில்லை என்றால் கீழ்ப்பகுதிக்கு எண்ணெய் சார்ந்த எனாமலும் மேற்பகுதிக்குத் தண்ணீர் சார்ந்த எமல்ஷனும் அடித்து, இரண்டும் சேருமிடத்தை ரைல்ஸ் பின்னர் வரவேண்டிய உயரத்தில் வைத்துக்கொள்ளலாம்.

சுவர் காய்ந்திருக்கிறதா

கடும் நிறத்தில் சுவரின் குறை ஒவ்வொன்றும் வெளியே தெரியும். வெளிர்நிறம் மறைத்துக்கொள்ளும் உப்புப்பூப்பு, ஈரத்திட்டு, கொப்புளம் எல்லாம் கடும் நிறத்தில் இரட்டிப்பாகக் கண்ணில் படும். ஆகவே சுவருக்குக் கொடுக்கும் நாட்கள் வீண் நாட்களல்ல.

புதிதாகச் சீமெந்து பூசிய சுவரைக் குறைந்தது 28 நாட்களாவது விடவேண்டும். புதிய சீமெந்து கடும் காரத்தன்மை உடையது. அதன்மேல் நேரடியாக எண்ணெய் சார்ந்த எனாமலை அடித்தால் காரம் எண்ணெயைச் சவர்க்காரமாக மாற்றிவிடும். பெயின்ற் பிசுபிசுத்து உரிந்து வருவது அதனால்தான். எமல்ஷனிலும் சில சிவப்பு, ஊதா, மஞ்சள் வண்ணப்பொருட்கள் காரம் பட்டால் வெளிறும். 28 நாட்கள் என்பதும் வெயில் காலக் கணக்கே. ஐப்பசி மழையில் பூசிய சுவருக்கு இரண்டு மாதமும் போதாமற் போகலாம். நாட்களை எண்ணுவதைவிடப் பரிசோதிப்பதே மேல்: ஒரு அடிக்கு ஒரு அடி அளவில் பொலித்தீனை வெட்டி, நான்கு பக்கமும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டி, ஒரு முழு நாள் விடுங்கள். உரித்துப் பார்க்கும்போது உட்புறம் வியர்த்திருந்தால் சுவர் இன்னும் ஈரம் விடுகிறது என்று பொருள்.

சுவரில் வெள்ளைத் தூளாக உப்புப் பூத்திருந்தால் அதைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். கரைந்த உப்பு மீண்டும் சுவருக்குள் போய், காய்ந்தவுடன் மீண்டும் வெளியே வரும். காய்ந்த தும்புப் பிறஷ்ஷால் தேய்த்து உதிர்த்து, ஒரு கிழமை விட்டு, மீண்டும் பூக்கிறதா என்று பார்க்க வேண்டும். முல்லைத்தீவுக் கரையோரம் போன்ற இடங்களில் சரியாகக் கழுவப்படாத கடல்மணலைப் பூச்சுக்குச் சேர்த்திருந்தால் இந்தப் பூப்பு இலேசில் நிற்காது. அப்படியான சுவருக்கு எந்தக் கடும் நிறத்தையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தப் பக்கத்துக்கு ரைல்ஸ் பதிப்பதே வழி.

பழைய சுவரென்றால் உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பாருங்கள். கையில் வெள்ளைமா ஒட்டினால் அது சுண்ணாம்பு வெள்ளையடிப்பு அல்லது டிஸ்ரெம்பர் என்ற மலிவான தூள்பூச்சு. அதன்மேல் எவ்வளவு விலையுயர்ந்த பெயின்றை அடித்தாலும் அது சுவரைப் பிடிக்காது, சுண்ணாம்பைத்தான் பிடிக்கும். சுண்ணாம்பு உதிரும்போது இதுவும் சேர்ந்து உதிரும். சுரண்டி எடுக்காமல் வேறு வழியில்லை. சீமெந்துச் சாந்தால் வழுவழுப்பாக இழைத்த சுவர் என்றால் சாண்ட் பேப்பரால் தேய்த்துச் சொரசொரப்பாக்கிய பின்னரே பெயின்ற் பற்றும்.

கரும்பூஞ்சணம் பிடித்த இடத்தை, துணி வெளுக்கப் பயன்படும் குளோரின் திரவத்தில் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து தடவி, கால் மணித்தியாலம் விட்டுக் கழுவுங்கள். கதவும் காற்றுத்துளையும் திறந்திருக்க வேண்டும். கைக்கு உறை வேண்டும். கொமட் கழுவும் அசிற் திரவத்தை அதே நேரத்தில் அதே அறையில் பாவிக்கவே கூடாது, இரண்டும் கலந்தால் மூச்சை அடைக்கும் நச்சு வாயு கிளம்பும். பழைய மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எனாமல் இருந்தால் இன்னொரு கவனமும் தேவை. முற்காலத்து எனாமல்களில் இந்த நிறங்களுக்குப் பெரும்பாலும் ஈயம் கலந்த வண்ணப்பொருட்கள் சேர்க்கப்பட்டன. இலங்கையில் பெயின்றிலுள்ள ஈயத்துக்குச் சட்ட வரம்பு 2013 இலிருந்தே நடைமுறைக்கு வந்தது. அத்தகைய பூச்சைக் காயவைத்துத் தேய்த்துத் தூள் பறக்க விடாமல், நனைத்துத் தேய்த்து, வழிந்ததைத் துணியால் துடைத்தெடுங்கள்; சிறுபிள்ளைகளை அன்று அந்தப் பக்கம் விடவேண்டாம்.

வெளிச்சம் எங்கிருந்து வருகிறது

சிறிய குளியலறைக்குப் பகலில் வெளிச்சம் வரக்கூடிய வழி பெரும்பாலும் ஒன்றுதான்: மேலே வைத்த காற்றுத்துளை, அல்லது கூரைச் சீற்றுகளுக்கிடையே போட்ட ஒளிபுகும் சீற். இந்த இரண்டும் ஒரே நிறத்தை வெவ்வேறாகக் காட்டும்.

காற்றுத்துளை வழியாக வரும் வெளிச்சம் எதிர்ச்சுவரில் மட்டும் விழுந்து, துளை உள்ள சுவரை நிழலில் விடும். எனவே நீங்கள் தெரிவு செய்யும் நிறம் எதிர்ச்சுவரில் ஒன்றாகவும் துளைச்சுவரில் அதைவிட இரண்டு படி கடுமையாகவும் தோன்றும். கிழக்கு நோக்கிய துளையென்றால் காலை 7 மணிக்கு மஞ்சளும் சிவப்பும் எரிகின்றன என்று சொல்லுமளவுக்குப் பிரகாசிக்கும். நீலமும் பச்சையும் அப்போது சற்று மங்கும். மேற்கு நோக்கியதென்றால் இதே கூத்து பின்னேரம் 4 மணிக்கு நடக்கும், அதோடு அந்தச் சுவர் சூடாகவும் இருக்கும். ஒளிபுகும் சீற் உள்ள அறை வேறு மாதிரியானது. வன்னி ஏறக்குறைய வட அகலக்கோடு 9 பாகையில் இருப்பதால் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களிலும் ஆவணி நடுப்பகுதியிலும் நண்பகற் சூரியன் உச்சிக்கு நேரே நிற்கும். அந்த நாட்களில் சீற்றின் கீழுள்ள சுவர் மேலிருந்து கீழாக வெளிச்சத்தில் குளிக்கும், பூச்சின் மேடுபள்ளம் ஒவ்வொன்றும் நிழல் விழுத்தும். அத்தகைய அறைக்கு மினுக்கம் குறைந்த பூச்சைத் தெரிவு செய்தால் குறைகள் அடங்கும்.

இரவுக்கு மின்குமிழ் இருக்கிறது. நம் கடைகளில் கூடுதலாக விற்பனையாகும் வெண்ணிற எல்.ஈ.டி. குமிழ்கள் 6500 கெல்வின் அளவானவை (கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறச்சாயலைக் குறிக்கும் அலகு); அவற்றின் வெளிச்சத்தில் நீலச்சாயல் உண்டு. செங்கல் நிறத்தை அது மண்ணிறமாக மங்கச் செய்யும், மாம்பழ மஞ்சளைப் பச்சைப் பக்கம் இழுக்கும். 2700 முதல் 3000 கெல்வின் வரையுள்ள இளமஞ்சட் குமிழைப் பூட்டினால் அந்நிறங்கள் உயிர் பெறும். மயிற்கழுத்து நிறமும் நீலமும் மாறாக, அதில் கொஞ்சம் அழுக்கேறித் தெரியும். ஆக, சூடான நிறத்துக்கு இளமஞ்சட் குமிழ், குளிர்ந்த நிறத்துக்கு வெண்குமிழ். குமிழின் பெட்டியிலேயே கெல்வின் எண் அச்சிடப்பட்டிருக்கும்.

கண்ணாடி தொங்கும் இடத்தை மறந்துவிடாதீர்கள். சிறிய அறையில் சுவரின் நிறம் முகத்திலும் படியும். கிளிப்பச்சைச் சுவருக்கு நடுவே நின்று முகச்சவரம் செய்பவர் தமக்குக் காமாலையோ என்று ஐயுறுவார். கண்ணாடிக்கு எதிரேயுள்ள சுவரைக் காவி, இளஞ்செம்மஞ்சள் போன்ற சூடான நிறத்தில் வைத்தால் முகம் நன்றாகத் தெரியும்.

இப்போது அட்டையை விரிக்கலாம்

நிற அட்டையில் விரல் நகம் அளவில் பார்த்த நிறம், நான்கு சுவரிலும் ஏறியதும் அதைவிடக் கடுமையாகத் தோன்றும். சுவர்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கும்போது ஒரு சுவரில் பட்ட வெளிச்சம் நிறத்தை ஏந்திக்கொண்டு மறுசுவரில் படுகிறது, அங்கிருந்து திரும்பவும் வருகிறது. ஒவ்வொரு தடவையும் நிறம் கூடுகிறது. இதனால் மனதுக்குப் பிடித்த நிறத்தை அட்டையில் கண்டதும், அதே வரிசையில் ஒரு படி வெளிறிய அல்லது ஒரு படி சாம்பல் கலந்த நிறத்தையே எடுங்கள். சுவரில் ஏறியபின் அது நீங்கள் விரும்பிய நிறமாகவே வந்து நிற்கும். அட்டையில் பக்கத்து நிறங்களும் கண்ணை ஏமாற்றும். வெள்ளைத்தாளில் ஒரு சதுரத் துளை வெட்டி, அதனூடாக ஒவ்வொரு நிறமாகப் பாருங்கள்.

சில அட்டைகளில் நிறத்தின் பெயரோடு, அது எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் என்பதற்கான எண் இருக்கும். 0 முழுக்கறுப்பு, 100 முழுவெள்ளை. ஒரேயொரு சிறிய காற்றுத்துளை உள்ள அறைக்கு நான் 15க்குக் கீழே போகமாட்டேன். ஒளிபுகும் சீற் உள்ள அறையில் 8, 10 வரையும் இறங்கலாம்.

நிறங்களை ஆங்கிலப் பெயர்களில் நினைப்பதை விட நம் கண்ணுக்குப் பழகியவற்றால் நினைத்தால் தெரிவு எளிது. காவி, செங்கல், மஞ்சட்காவி ஆகிய மூன்றுக்கும் அடிப்படை இரும்பு ஒட்சைட்டு. வெயிலில் வெளிறுவது குறைவு, சீமெந்தின் காரமும் அவற்றை ஒன்றும் செய்யாது, விலையும் பெரும்பாலும் மட்டாகவே இருக்கும். கோயில் மதில்களில் காவியும் வெள்ளையும் மாறி மாறி அடித்த பட்டைகள் ஆண்டுக்கணக்கில் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோயில் நினைவு வருகிறதே என்று தயங்குபவர்கள், காவியில் சற்று இளஞ்சிவப்புச் சாயலுள்ளதைத் தெரிவு செய்யலாம். சின்ன வெங்காயத்தின் உலர்ந்த தோலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நான் சொல்லும் நிறம் தெரியும்.

மயிற்கழுத்து நிறம், அதாவது நீலமும் பச்சையும் கலந்த கடும் நிறம், வெள்ளைக் கொமட்டுக்கும் வெள்ளைப் பேசினுக்கும் அருகில் மிக எடுப்பாக இருக்கும். வன்னியின் வெக்கையில் மத்தியானம் உள்ளே நுழைபவருக்கு அது கண்ணுக்குக் குளிர்ச்சியாகவும் இருக்கும். வெள்ளைத் துளிதான் அதன் எதிரி. ரைல்ஸுக்கு மேலே மட்டும் அடியுங்கள். பாலைப்பழ மஞ்சளோ மாம்பழ மஞ்சளோ இருட்டறையைத் தூக்கிவிடும், ஆனால் மஞ்சளைப் போல அடியிலுள்ளதைக் காட்டிக்கொடுக்கும் நிறம் வேறில்லை. மூன்று பூச்சுக்கு ஆயத்தமாக இருங்கள். கார்த்திகைப்பூவின் சிவப்பு அட்டையில் மனதை இழுக்கும். பளீர்ச் சிவப்புக்குச் சேர்க்கும் வண்ணப்பொருட்களிற் பல வெயிலில் வெளிறுபவை என்பதால், நேர்வெயில் விழும் சுவருக்கு அதை நான் தவிர்ப்பேன். கிளிப்பச்சை பற்றி மேலே கண்ணாடியோடு சொல்லிவிட்டேன்.

ஏற்கெனவே பதித்த ரைல்ஸை மாற்ற முடியாது, ஆகவே அது சொல்வதைக் கேட்கத்தான் வேண்டும். மிஞ்சிய ரைல்ஸ் துண்டொன்றைக் கடைக்கே எடுத்துப் போங்கள். அது கிறீம் நிறமென்றால் மஞ்சட்சாயல் உண்டு. செங்கல், மஞ்சட்காவி, கடும் பச்சை ஒத்துப்போகும், ஊதா ஒத்துப்போகாது. வெளிர்நீல ரைல்ஸுக்கு மேலே மயிற்கழுத்தும் கருநீலமும் பொருந்தும். பூப்போட்ட ரைல்ஸ் என்றால் பூவிலுள்ள மிகச்சிறிய பங்கான நிறத்தை எடுத்துச் சுவருக்குக் கொடுங்கள்.

ஒரு சுவருக்கு மட்டும் கடும் நிறம் அடித்து மற்றவற்றை வெளிர்நிறமாக விடும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. பெரிய மண்டபத்துக்கு அது சரி. 5 அடி அறையில், கதவைத் திறந்தவுடன் எதிரே நிற்கும் சுவர் ஒன்றைத் தவிர வேறெதிலும் அது நன்றாக அமைவதை நான் கண்டதில்லை. ரைல்ஸுக்கு மேலே நான்கு பக்கமும் ஒரே நிறமாகச் சுற்றி வந்தால் மூலைகள் அடங்கி, அறை ஒரே பொருளாகத் தெரியும். கதவுநிலை, காற்றுத்துளை விளிம்பு, சீலிங் ஆகியவற்றை வெள்ளையாக விடுங்கள்.

ஒரு கிழமைப் பரீட்சை

இரண்டு நிறங்களுக்குள் வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் கிடைக்கும் மிகச்சிறிய பேணியை வாங்குங்கள். நேரே சுவரில் அடித்துப் பார்க்க வேண்டாம்; பழைய நிறம் சுற்றிலும் நின்று உங்கள் கண்ணைக் குழப்பும். மிஞ்சிய சீமெந்துச் சீற் துண்டு அல்லது தடித்த பலகை, இரண்டு அடிச் சதுரமாக இரண்டு எடுத்து, ஓரம் வரை இரண்டு பூச்சு அடித்துக் காயவிடுங்கள். காய்ந்த நிறம் ஈர நிறத்தைவிடச் சற்றுக் கடுமையாக வருவது எமல்ஷனின் இயல்பு.

பலகையைக் குளியலறைக்குள் கொண்டுபோய், முதலில் வெளிச்சம் விழும் சுவரிலும் அடுத்த நாள் துளைச்சுவரிலும் சாத்தி வையுங்கள். காலையில் பல் விளக்கும்போது, நண்பகலில், இரவு குமிழ் வெளிச்சத்தில் என்று மூன்று வேளையும் பாருங்கள். இதோடு, ஒவ்வொரு நாளும் குளிக்கும்போது பலகையின் கீழ்ப்பாதியில் ஒரு கை தண்ணீரைத் தெளித்து, துடைக்காமல் அப்படியே காயவிடுங்கள். ஏழாம் நாள் கீழ்ப்பாதியையும் மேற்பாதியையும் ஒப்பிட்டுப் பார்த்தால், உங்கள் கிணற்றுத் தண்ணீர் அந்த நிறத்தை என்ன செய்யும் என்பது தெரிந்துவிடும். என் கருநீலத்தின் பின்னர் நான் இப்படித்தான் செய்தேன். மயிற்கழுத்துப் பலகையில் நாலாம் நாளே வளையங்கள் தெளிவாகத் தெரிந்தன. வெங்காயத்தோல் நிறப் பலகையில் ஏழாம் நாள் கூட அருகே குனிந்தால்தான் தெரிந்தது.

எவ்வளவு வாங்குவது, எதை வாங்குவது

5 அடிக்கு 6 அடி அறையின் சுற்றளவு 22 அடி. சுவர் 8 அடி உயரம், ரைல்ஸ் 4 அடி வரை என்றால் மிஞ்சுவது 88 சதுர அடி. கதவின் மேற்பகுதிக்கும் காற்றுத்துளைக்கும் ஏறக்குறைய 10 சதுர அடி கழித்தால் 78, அதாவது 7 சதுர மீற்றர் சொச்சம். வழவழப்பான சுவரில் ஒரு லீற்றர் எமல்ஷன் ஒரு பூச்சுக்கு 10 முதல் 12 சதுர மீற்றர் வரை செல்லும். சொரசொரப்பான பூச்சில் 8 தான். ஆகவே இரண்டு பூச்சுக்கு ஏறக்குறைய ஒன்றரை லீற்றர் வேண்டும். 1 லீற்றர்ப் பேணி இரண்டு போதும். 4 லீற்றர் வாங்கினால் பாதிக்கு மேல் மிஞ்சும். மஞ்சளுக்கும் சிவப்புக்கும் மூன்றாவது பூச்சைக் கணக்கிட்டு இன்னொரு பேணி சேர்த்துக்கொள்ளுங்கள்.

இயந்திரத்தில் கலந்து தரும் நிறமென்றால், தேவையான பேணிகள் முழுவதையும் ஒரே நேரத்தில் கலக்கச் சொல்லுங்கள். வீட்டில் அவற்றை ஒரே வாளியில் ஊற்றிக் கலக்கிய பின்னரே அடிக்க வேண்டும், இல்லையேல் பேணிக்குப் பேணி உள்ள சிறு வேறுபாடு சுவரின் நடுவே கோடாகத் தெரியும். நிறக்குறியீட்டு எண்ணையும், நிறம் கலக்கப் பயன்படுத்திய அடிப்படைப் பெயின்றின் வகையையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உட்சுவருக்கென்று விற்கும் மலிவான எமல்ஷன் குளியலறையின் ஈரத்துக்குத் தாங்காது. கழுவக்கூடியது, பூஞ்சண எதிர்ப்பு உள்ளது என்று பேணியில் எழுதியிருப்பதை, அல்லது வெளிச்சுவர் எமல்ஷனை வாங்குங்கள். முழு மினுக்கத்துக்கும் முழு மங்கலுக்கும் இடைப்பட்ட பட்டுமினுக்கம் துடைக்க வசதியானது. நிறத்துக்கு முன்னர் அடிக்கும் பிறைமர், காரத்தைத் தாங்கும் வகையில் ஒரு பூச்சு கட்டாயம். கடும் நிறங்களில் வெள்ளை வண்ணப்பொருளான தைற்றேனியம் டையொக்சைட்டு மிகக் குறைவாகவே சேர்க்கப்படுவதால் அவற்றின் மறைக்கும் வலு குறைவு. எனவே சிவப்புக்கும் கருநீலத்துக்கும் பிறைமரைச் சாம்பல் நிறத்தில் கலந்து தரும்படி கேட்டால் ஒரு பூச்சு மிச்சமாகும். மஞ்சளுக்கு வெள்ளையே இருக்கட்டும்.

அடிக்கும் நாட்கள்

தீபாவளிக்கோ பொங்கலுக்கோ முன்னர் வீட்டுக்கு நிறமடிப்பது நம் வழக்கம். இரண்டு பண்டிகையும் வாடைக்காற்று மழையின் இரு முனைகளில் விழுகின்றன. ஐப்பசி முதல் தை வரை குளியலறைச் சுவர் சரியாகக் காயாது. மண்டபத்துக்குப் பண்டிகைக்கு அடியுங்கள், குளியலறையை மாசிக்கோ பங்குனிக்கோ தள்ளி வையுங்கள். வைகாசிக்குப் பின்னர் கச்சான் காற்று என்ற தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் புழுதி வந்து ஈரப்பெயின்றில் ஒட்டும். அப்போது அடிக்க நேர்ந்தால் காற்றுத்துளைக்கு ஈரத்துணி கட்டி, முற்றத்துக்குத் தண்ணீர் தெளித்து, விடிகாலையிலேயே தொடங்குங்கள். வெயிலில் சூடேறிய சுவரில் பெயின்ற் உடனே இறுகுவதால் பிறஷ் போன தடம் தெரியும்.

முதலில் பிறைமர், மறுநாள் மூலைகளையும் விளிம்புகளையும் இரண்டு அங்குலப் பிறஷ்ஷால் அடித்து, அந்த ஈரம் காயுமுன் நடுப்பகுதியை றோலரால் அடியுங்கள். நான்கு சுவரையும் சேர்த்து விளிம்பை முடித்துவிட்டு நடுவுக்கு வந்தால் கடும் நிறத்தில் சட்டம் போட்டது போல ஓரம் வேறாகத் தெரியும். ஒவ்வொரு சுவராக முடிப்பதே சரி. முதற்பூச்சு திட்டுத்திட்டாகத்தான் இருக்கும், அதைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். 4 மணித்தியாலம் விட்டு இரண்டாவது பூச்சு. எனாமல் என்றால் ஒரு முழு இரவு விடவேண்டும். ரைல்ஸின் விளிம்பில் ஒட்டிய நாடாவை, கடைசிப் பூச்சு இன்னும் சற்று ஈரமாக இருக்கும்போதே மெதுவாகச் சாய்த்து இழுங்கள். முற்றாகக் காய்ந்தபின் இழுத்தால் பெயின்றும் தோலாக உரிந்து கூடவே வரும்.

அடித்து முடித்த நாளிலிருந்து ஒரு கிழமைக்காவது குளிப்பைக் கிணற்றடிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தொட்டால் ஒட்டாத பெயின்ற் முற்றிலும் இறுகிவிட்டது என்று பொருளல்ல. தேய்த்துக் கழுவ மூன்று நான்கு கிழமை செல்லட்டும். அதன் பின்னர் வெள்ளைப் படை தெரிந்தால், தண்ணீரில் சிறிது தேசிக்காய்ச் சாறு கலந்து, மெல்லிய துணியால் ஒற்றியெடுத்து, உடனே நல்ல தண்ணீரால் துடைத்துவிடுங்கள். சீமெந்து இணைப்புகளில் புளிப்பு தங்க விடாதீர்கள்.

மிஞ்சிய பெயின்றைப் பெரிய பேணியிலேயே விட்டால் உள்ளிருக்கும் காற்றுப் பட்டுத் தோல் கட்டிவிடும். மூடி இறுக்கமான சிறு போத்தலில் விளிம்பு வரை ஊற்றி, நிறக்குறியீட்டு எண்ணையும் திகதியையும் ஒட்டி, வெயில் படாத அலுமாரித் தட்டில் வையுங்கள். கதவுநிலையோரம் முதற் கீறல் விழும்போது அந்தப் போத்தல் தேவைப்படும்.